வீடு மாறுறப்போ கடிதத்துக்கும் வழி சொல்லிட்டு வாங்க



போன மாதம் மண்டைக்காட்டில் நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "யக்கா, பேங்கிலேருந்து எனக்குக் கடிதம் போட்டதா சொல்லுறாவ. எனக்கு ஒண்ணும் வரல்லியே. பொறவு பார்த்தா அது எங்க அம்மைக்க வீட்டுக்குப் போயிருக்கு. கல்யாணம் கழிஞ்சு ஆறு வருசம் ஆச்சு. இன்னும் எனக்க கடிதம் அங்கனதான் போவுதா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. எனக்கும் அதே அனுபவம் உண்டு.

என் சொந்த ஊர் பூதப்பாண்டி பக்கம் ஒரு கிராமம். 2014-ல் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தேன். சமூகப் பணி படிச்சு முடிச்சிருந்தேன். படிக்கும்போதே ஒரு அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதில் எழுதின முகவரி அம்மா வீட்டு முகவரி. கல்யாண அலைச்சலில் அது எனக்கு நினைவே இல்லை. மூணு மாசம் கழிச்சு ஊருக்குப் போனபோது, சுவர்க் காலண்டருக்குப் பின்னாடி ஒரு பழுப்பு உறை சொருகி இருந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி வந்த கடிதம். தேதி முடிஞ்சு பதினோரு நாள் ஆகியிருந்தது.

யாரைக் குற்றம் சொல்ல முடியும்? தபால்காரர் எழுதியிருந்த முகவரியில் சரியாகத்தான் கொடுத்தார். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "நீ வரும்போ தரலாம்னு பத்திரமா வச்சேன் மக்களே" என்று சொன்னாங்க. பத்திரமாகத்தான் இருந்தது. வேலைதான் போயிட்டு.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒரு சின்ன விஷயத்தைத்தான் இந்தப் பாடத்தில் உங்களுக்குச் சொல்லப் போறேன். வீடு மாறும்போது, நம்ம பெயருக்கு வரும் கடிதங்களைப் புது முகவரிக்கு அனுப்பச் சொல்லித் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு வேண்டியது ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான்.

அதிகமாக வீடு மாறுவது யார்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நம்ம வீட்டு ஆம்பிளைகள் வேலைக்கு வெளிநாடு போனாலும், கேரளாவுக்குத் தொழிலுக்குப் போனாலும் அவங்க முகவரி மாறுவதில்லை. பிறந்த வீடே கடைசி வரை அவங்க முகவரி. பெண்களுக்கு அப்படி இல்லை. கல்யாணம் ஆனதும் ஒரு மாற்றம். தனிக்குடித்தனம் போனால் இன்னொரு மாற்றம். ஒற்றி வீடு, வாடகை வீடு என்று மாறினால் மறுபடியும் மாற்றம். கணவர் இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் சகோதரிகளும் நம்ம குழுக்களில் இருக்காங்க.

கடற்கரைச் சகோதரிகளுக்கு இன்னொன்றும் நினைவு இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சி பக்கங்களில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு இடத்தில் நிலையாக இருக்க முடியவில்லை. முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் தற்காலிகக் கொட்டகை, அப்புறம் புது வீடு என்று மாறினாங்க. நிவாரணம், வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் என்று காகிதம் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. அந்த நேரத்தில்தான் அவங்களுக்கு முகவரியே இல்லாமல் போனது.

ஆகவே முகவரி மாற்றம் என்பது முதலில் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

ஒரு கடிதம் எப்படி நம்மைத் தேடி வருகிறது?

நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் முன் திருவிதாங்கூரில் இருந்தது. திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமாக ஒரு தபால் சேவை இருந்தது. அதன் பெயரே 'அஞ்சல்'. மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரரைப் பற்றி நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1951-ல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

அந்தக் காலத்தில் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் போதும். இப்போது கடிதத்தை வழி நடத்துவது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் இது வந்தது. மொத்தம் ஆறு எண்கள். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா இருக்கும் தென்பகுதி. முதல் மூன்று எண் 629 என்றால் நம்ம குமரி மாவட்டம். கடைசி மூன்று எண் எந்தத் தபால் நிலையம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கடிதம் முதலில் போய்ச் சேருவது உறையின் மேல் உள்ள பின்கோடுக்குரிய தபால் நிலையத்துக்குத்தான். நீங்க எங்கே இருக்கீங்க என்பது அந்த உறைக்குத் தெரியாது. பழைய முகவரி எழுதியிருந்தால் கடிதம் பழைய ஊர் தபால் நிலையத்துக்குத்தான் போகும். அங்கே உள்ளவங்களுக்கு உங்க புது முகவரி தெரிந்திருந்தால் மட்டுமே அது திரும்பி உங்களைத் தேடி வரும்.

தெரியாவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கும்:

• பழைய வீட்டில் யாராவது வாங்கி வைப்பாங்க. எப்போது உங்க கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

• வீடு பூட்டியிருந்தாலோ, ஆள் போய்விட்டார் என்று தெரிந்தாலோ தபால்காரர் உறையின் மேல் காரணம் எழுதுவார். 'டோர் லாக்ட்', 'லெஃப்ட்' என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அப்புறம் அது அனுப்பினவருக்கே திரும்பிப் போகும்.

• அனுப்பினவர் முகவரியும் உறையில் இல்லை என்றால், திரும்பி வந்த கடிதங்களைச் சேர்த்து வைக்கும் தனி அலுவலகத்துக்குப் போகும்.

என்ன செய்ய வேண்டும்?

1. பழைய ஊர் தபால் நிலையத்துக்குப் போங்க. நிறைய பேர் தப்புவது இங்கேதான். புது ஊர் தபால் நிலையத்தில் போய், "நான் இங்க வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதாது. கடிதம் முதலில் இறங்கும் இடம் பழைய ஊர். அங்கே சொன்னால்தான் பலன். வீட்டைக் காலி செய்யும் முன்பே செய்து விடுவது நல்லது. கல்யாணம் என்றால் மறுவீடு வரும்போது செய்யலாம்.

2. எழுதிக் கொடுங்க. "தபால்காரர் நமக்குத் தெரிஞ்சவருதானே, வாயால சொன்னா போதும்" என்று நினைக்காதீங்க. அவர் லீவில் போகலாம், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகலாம், ஓய்வு பெறலாம். அவருக்குப் பதில் வருபவருக்கு எழுத்தில் இருந்தால்தான் தெரியும். 'ரீடைரக்ஷன்' என்று கேட்டால் கவுண்டரில் புரிந்துகொள்வாங்க. படிவம் தந்தால் அதை நிரப்புங்க. இல்லாவிட்டால் கீழே கொடுத்திருக்கும் மாதிரியைப் பார்த்து வெள்ளைத் தாளில் எழுதுங்க.

3. யார் யாருக்கு என்று பெயர் எழுதுங்க. வீட்டில் எல்லோரும் மாறுகிறீர்களா, நீங்கள் மட்டுமா? கல்யாணமாகிப் போகும் பெண் தன் பெயரை மட்டும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் கடிதமும் சேர்ந்து மருமகன் வீட்டுக்கு வந்துவிடும்! வயது வந்த ஒவ்வொருவரும் அவரவர் கடிதத்துக்கு அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் போடலாம்.

4. பெயரை இரண்டு விதமாகவும் எழுதுங்க. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்பு கணவர் இனிஷியல் என்று மாற்றிக்கொள்பவர்கள் நம்மில் அதிகம். பழைய கடிதங்கள் பழைய இனிஷியலில்தான் வரும். இரண்டும் ஒரே ஆள் என்று தெளிவாக எழுதுங்க.

5. அடையாள அட்டையின் நகலைக் கொண்டு போங்க. உங்க கடிதத்தை வேறு யாரோ தன் வீட்டுக்குத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க, ஆள் சரிதானா என்று அவங்க பார்க்க வேண்டும். அது நமக்கு நல்லதுதான்.

6. ஒரு நகலில் கையெழுத்தும் தேதி முத்திரையும் வாங்கி வைங்க. எத்தனை நாள் வரை அனுப்புவீங்க என்று கேட்டு அதையும் அந்த நகலிலேயே குறிச்சு வைங்க.

7. புது ஊர் தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பழைய ஊரிலிருந்து வரும் கடிதம் உங்க பெயரில் வந்தால் அவருக்கு ஆள் தெரிய வேண்டாமா? வாடகை வீடாக இருந்தால், வீட்டுக்காரர் பெயரை 'மே/பா' என்று போட்டு எழுதுவது நல்லது.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்: (உங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டுப் பெயர், கதவு எண், பழைய முகவரி முழுவதும், பின்கோடு)

பெறுநர்: போஸ்ட்மாஸ்டர் அவர்கள், ............ தபால் நிலையம்.

ஐயா / அம்மா,

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வந்தேன். ............ தேதி முதல் கீழ்க்கண்ட முகவரிக்கு மாறிச் செல்கிறேன். என் பெயருக்கு வரும் சாதாரணத் தபால்களையும் ஸ்பீடு போஸ்ட் தபால்களையும் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் சில கடிதங்களில் ............ என்றும், சில கடிதங்களில் ............ என்றும் இருக்கும். இரண்டும் நானே.

புதிய முகவரி: (வீட்டுப் பெயர், கதவு எண், தெரு அல்லது விளை, ஊர், அஞ்சல், மாவட்டம், பின்கோடு, செல்போன் எண்)

இடம், தேதி, கையெழுத்து.

இவ்வளவுதான் கடிதம். எழுதத் தெரியாத சகோதரிக்குக் குழுவில் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்க. அப்புறம் வாசித்தும் காட்டுங்க. புரிந்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்க.

பழைய வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

எங்க அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் எனக்கு அந்த வேலை கிடைத்திருக்குமோ என்னவோ. வீட்டுக்கு வந்த கடிதம் இப்போது அங்கே இல்லாத ஒருவருக்கு என்றால், அதைப் பிரிக்கக் கூடாது. உறையின் மேல் உள்ள பழைய முகவரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது முகவரியைத் தெளிவாக எழுதி, அடுத்த நாளுக்குள் தபால்காரரிடமோ தபால் நிலையத்திலோ திரும்பக் கொடுத்துவிட வேண்டும். பிரிக்காமல் உடனே கொடுத்தால் அந்தக் கடிதத்துக்குப் புதிதாக ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம். பார்சல் என்றால் கூடுதல் கட்டணம் உண்டா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்க.

பிறந்த வீட்டை விட்டுப் போகும் முன், உங்க புது முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மா வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வாங்க. எழுதத் தெரியாத அம்மாவும் அந்தத் தாளைக் காட்டித் தபால்காரரிடம் சொல்ல முடியும்.

இது பாலம்தான், வீடு அல்ல

கவனிங்க. திருப்பி அனுப்பும் இந்த ஏற்பாடு என்றைக்கும் நடக்காது. தபால் துறைக் கையேட்டில் நெடுங்காலமாக உள்ள விதி மூன்று மாதம். தேவைப்பட்டால் மறுபடியும் எழுதிக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரணக் கடிதங்களைப் பன்னிரண்டு மாதம் திருப்பி அனுப்பறாங்க. இங்கிலாந்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று காலம் சொல்லி அதற்குப் பணம் வாங்கறாங்க. எந்த நாட்டிலும் இது ஆயுசு முழுக்க இல்லை.

வேறு சில எல்லைகளும் உண்டு. சில வங்கி உறைகளில் 'வேறு முகவரிக்கு அனுப்பக் கூடாது' என்று அச்சடித்திருக்கும். ஏ.டி.எம். அட்டை, செக் புத்தகம் எல்லாம் ஆள் மாறிப் போகக் கூடாது என்பதற்காக. அவை அனுப்பினவருக்கே திரும்பும். தனியார் கூரியர்காரர்களுக்கும் தபால் நிலையத்தில் நீங்க எழுதிக் கொடுத்ததற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே அந்த மூன்று மாதத்தை ஒரு பாலமாக வைத்துக்கொள்ளுங்க. பாலத்தைக் கடந்து முடிக்கும் முன், கடிதம் அனுப்புகிறவங்க எல்லோரிடமும் புது முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். பழைய முகவரியில் ஒரு கடிதம் திரும்பி வந்து சேர்ந்தால், "அப்பாடா வந்துட்டு" என்று விட்டுவிடாதீங்க. யார் அனுப்பினாங்களோ அவங்களுக்கு இன்னும் நம்ம புது முகவரி தெரியாது என்று அந்தக் கடிதம் சொல்கிறது. அன்றைக்கே அவங்களுக்குத் தெரிவிங்க.

யார் யாரிடம் சொல்ல வேண்டும்?

ஆதார்: மற்ற எல்லா இடத்திலும் முதலில் கேட்பது இதைத்தான். புது வீட்டுக்கு உங்க பெயரில் எந்தச் சான்றும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2023 ஜனவரி முதல், குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து அவருடைய சம்மதத்தோடு முகவரி மாற்றும் வசதி இருக்கிறது. உறவைக் காட்டும் ரேஷன் கார்டோ திருமணச் சான்றோ வேண்டும். சந்தேகத்துக்கு 1947.

ரேஷன் கார்டு: கல்யாணமானவர் அம்மா வீட்டுக் கார்டில் பெயர் நீக்கி, கணவர் வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும். கல்குளம் தாலுகா என்றால் தக்கலையில் உள்ள வட்ட வழங்கல் அலுவலகம்.

வாக்காளர் அட்டை: வீடு மாறினவருக்குப் படிவம் 8. உதவிக்கு 1950.

வங்கி, கூட்டுறவுச் சங்கம், தபால் நிலையச் சேமிப்பு: பாஸ்புக்கில் புது முகவரி ஏறிவிட்டதா என்று கண்ணால் பாருங்க.

எல்.ஐ.சி. போன்ற காப்பீடு: பிரீமியம் கட்டச் சொல்லி வரும் நினைவூட்டல் வரவில்லை என்பதற்காகத் தவணை நிற்காது. ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்குச் சலுகை நாள் 30. மாதத் தவணைக்கு 15 நாள். அது தாண்டினால் பாலிசி காலாவதி.

வேலைவாய்ப்பு அலுவலகம், விண்ணப்பம் போட்ட இடங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கல்லூரி: என் கதையை நினைச்சுக்கொள்ளுங்க.

கடன் வாங்கிய இடங்கள்: நகைக் கடன், வண்டிக் கடன், தனியார் நிதி நிறுவனம் என்று எதுவாக இருந்தாலும் கண்டிப்பாகச் சொல்லுங்க. ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

"கடிதம் வரல்ல" என்றால் தப்பிக்க முடியுமா?

சில சகோதரிகள் நினைப்பாங்க: "கடன்காரனுக்குப் புது முகவரி தெரியாம இருக்கிறதே நல்லது. நோட்டீஸ் வந்தாத்தானே பிரச்சினை?" இது பெரிய தவறு. வக்கீல் நோட்டீஸ் நம்ம கைக்கு வராவிட்டாலும் வழக்கு நம்மை விட்டுப் போகாது.

1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 27-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். வரவில்லை என்றால் அதை நிரூபிக்கும் பாரம் பெறுபவர் தலையில். கடன் கொடுத்தவரிடம் நாம் கொடுத்த முகவரி பழையது என்றால், நோட்டீஸ் அங்கேதான் போகும். "நான் வீடு மாறிட்டேன்" என்று அவருக்கு எழுதிக் கொடுத்த நகல் கையில் இருந்தால் நமக்குப் பேச வழி உண்டு. ஒன்றும் இல்லாவிட்டால் கஷ்டம்.

கடனுக்கு ஈடாகச் செக் கொடுத்தவங்க இன்னும் கவனமாக இருக்கணும். செக் பணமில்லாமல் திரும்பினால், வாங்கியவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு வராது. அந்த 15 நாளும் நோட்டீஸ் பழைய வீட்டில் காலண்டருக்குப் பின்னால் கிடந்தால் என்ன ஆகும்? நோட்டீஸே கிடைக்காதவருக்கு ஒரு வாசல் உண்டு. 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டி வழக்கைத் தள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குள் கோர்ட் வரை போயாகி விடும். வீட்டில் நிம்மதி போகும், வக்கீல் செலவும் வரும்.

குடும்ப வழக்கிலும் இதே ஆபத்து உண்டு. கணவர் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுகிறார், சம்மன் பழைய முகவரிக்குப் போகிறது என்று வைங்க. நாம் ஆஜராகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்துவிடலாம். அப்படி நடந்துவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். சம்மன் முறையாகக் கிடைக்கவில்லை என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை நீக்கச் சொல்லி மனுப் போடலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. ஆனால் நாள் கடத்தக் கூடாது.

ஒரு செய்தியையும் இங்கே சொல்லணும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. முக்கியமான கடிதத்தை நாம் அனுப்பும்போது ஸ்பீடு போஸ்டிலேயே 'பதிவு' வசதி சேர்த்துக் கேட்கலாம். பெயருக்குரியவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோதான் கொடுப்பாங்க. ரசீதைத் தொலைக்காதீங்க. அதில் உள்ள எண்ணை வைத்துக் கடிதம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். தபால் துறையின் இலவச உதவி எண் 1800 266 6868.

நம்ம குழுவின் முகவரி எது?

இப்போது எல்லோரும் உங்க தீர்மான நோட்டை எடுங்க. குழுவின் பெயரில் வங்கியில் கொடுத்திருக்கும் முகவரி யாருடையது? பெரும்பாலான குழுக்களில் அது முதல் ஊக்குநரின் வீட்டு முகவரியாகவே இருக்கும். அந்த ஊக்குநர் கல்யாணமாகியோ வீடு மாறியோ போயிருக்கலாம். ஊக்குநர் மாறினதைத் தீர்மானம் போட்டு, கையெழுத்து மாற்றி இருப்பீங்க. முகவரியை மாற்றினீங்களா?

மாற்றாவிட்டால் கடன் தவணை பற்றிய கடிதமும், வங்கிக் கணக்கு விவரமும், அரசு அலுவலகக் கடிதமும் ஆள் இல்லாத வீட்டுக்குப் போகும். பன்னிரண்டு பேர் சேர்த்த பணத்துக்கு வரும் கடிதம் ஒருவர் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் இருக்கலாமா? இப்படிச் செய்யுங்க:

• புது முகவரியை எழுதித் தீர்மானம் நிறைவேற்றி எல்லோரும் கையெழுத்துப் போடுங்க.

• தீர்மான நகலோடு வங்கிக்கும் கூட்டமைப்புக்கும் கடிதம் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்க.

• பழைய ஊக்குநரிடம், குழுவின் பெயரில் வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பும்படி அவருடைய தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

• குழுவுக்கு வந்த கடிதங்களை ஒரு நோட்டில் பதியுங்க. தேதி, யார் அனுப்பினது, யார் வாங்கினது, கூட்டத்தில் வாசித்த தேதி என்று நான்கு கட்டம் போதும்.

குழுக் கூட்டத்தில் செய்து பார்ப்போம்

1. ஒவ்வொருவரும் தன் முழு முகவரியைப் பின்கோடோடு சொல்ல வேண்டும். மற்றவர்கள் சரிபார்க்க வேண்டும். எத்தனை பேருக்குப் பின்கோடு தெரியும்?

2. கல்யாணமாகி வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆதாரிலும் வங்கியிலும் இன்னும் அம்மா வீட்டு முகவரி இருக்கிறது? கை தூக்கச் சொல்லி எண்ணுங்க. அடுத்த கூட்டத்திலும் எண்ணுங்க. குறைந்திருக்க வேண்டும்.

3. மேலே உள்ள மாதிரிக் கடிதத்தை ஒவ்வொருவரும் ஒரு தடவை எழுதிப் பழகுங்க.

4. பக்கத்து வீட்டுக்குக் குடி வந்த புது மருமகளிடம் இதைச் சொல்ல யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது?

சகோதரிகளே, மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு வருகிற பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வழி கேட்டுக் கேட்டு அம்மன் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுவாங்க. மனுசருக்கு வாய் இருக்கிறது, வழி கேட்கலாம். கடிதத்துக்கு வாய் இல்லை. உறையில் எழுதினதும், தபால் நிலையத்தில் நாம் எழுதிக் கொடுத்ததும்தான் அதற்கு வழி.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அக்கா, அடுத்த வாரமே அம்மா வீட்டுக்குப் போய்த் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, முத்திரை போட்ட நகலை என்னிடம் கொண்டு வந்து காட்டினாங்க. வங்கியிலும் முகவரி மாற்றியாச்சு. "எனக்க பேருக்கு எனக்க வீட்டுக்கே ஒரு கடிதம் வரட்டும் யக்கா, அன்னைக்கு உங்களுக்குச் சாயா" என்று சொல்லியிருக்காங்க. காத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.